ஐந்துக்கும் ஒன்பதுக்கும் நடுவில்

ஞாயிறு இரவு பத்தரைக்கு
வானொலியில் இன்னும் அது வருகிறது.
"காதலியைப் பறிகொடுத்த கவிஞர்" என்கிறார்
அறிவிப்பாளர், என்னை.
பறிகொடுக்க அன்று என்னிடம் இருந்தது
ஒரு பாய், ஒரு மண்ணெண்ணெய் அடுப்பு,
துறைமுகத்தில் மூட்டை எண்ணும் வேலை.

தோ பாயோ. எழுபத்தாறு. நவம்பர் மழை.
எங்கள் புளோக்கில் மின்தூக்கி
ஒன்று, ஐந்து, ஒன்பதில் மட்டும் நிற்கும்.
மற்ற மாடிக்காரன் படியேறிச் சாகட்டும்.
ஐந்தைத் தாண்டியதும் விளக்குப் போயிற்று.
பெட்டி ஒருமுறை குலுங்கி நின்றது,
கதவே வைக்காத சுவருக்கு எதிரே.
உள்ளே நான்,
என் அம்மா வயதில் ஒரு சீனப் பெண்மணி,
அவள் கூடையில் ஒரு வவ்வால் மீன்.

மணியை அழுத்தினேன்.
யாருக்காவது கேட்டிருக்கலாம்.
அரைமணி நேரம் இருவரும்
கதவு இருந்த திசையைப் பார்த்து நின்றோம்,
விளக்கு எரிவதுபோல, மரியாதையாக.
பிறகு அவள் உட்கார்ந்தது
சேலை இல்லாத உடம்பின் சரசரப்பில் தெரிந்தது.
பேச ஆரம்பித்தாள்.

ஹொக்கியன். ஒரு சொல் புரியவில்லை.
அதனால்தானோ என்னவோ நானும் சொன்னேன்:
அப்பா போன தந்தி சட்டைப்பையில் இருக்க
அன்று முழுக்க அரிசி மூட்டை எண்ணியதை.
எண்ணிக்கையில் ஒன்றுகூடத் தப்பவில்லை என்பதை.
"ஆ" என்றாள்,
சரியாக அந்த இடத்தில்.

மூன்று மணி நேரம்.
மீன் நாறத் தொடங்கியிருந்தது.
அவள் பேச்சில் ஒரு சொல் திரும்பத் திரும்ப வந்தது,
மூக்கில் தொங்கும் ஒரு "கியா".
மறுநாள் சக குமாஸ்தா ஆ செங்கிடம் கேட்டேன்.
"எப்படிச் சொன்னாள்?
குரல் சமமாய் நின்றால் பயம்,
விழுந்தால் பிள்ளை,
ஏறினால் நடப்பது."
எனக்குச் சொல் நினைவிருந்தது,
குரல் நினைவில்லை.

பாட்டின் தொடக்கத்தில் வரும் முனகல்,
நீங்கள் குளிக்கும்போதும் முனகுவது,
அது அந்தச் சொல்தான்.
எது என்று தெரியாமல்
மூன்று விதமாகவும் முனகிக் காட்டினேன்.
ஞானாதிக்கம் மாஸ்டர் அப்படியே எடுத்துக்கொண்டார்.

வரிகளை விடவில்லை.
"மீன் மணக்கும் இருளே, கதவைத் திறக்காதே"
என்றுதான் எழுதியிருந்தேன்.
"மீனைப் போட்டால் எவன் அழுவான்?" என்று
பென்சிலால் அடித்து மல்லிகை என்று வைத்தார்.
மரியசூசைக்கு அன்று நல்ல ஜலதோஷம்.
அழுதுகொண்டே பாடினார் என்கிறார்கள்.
எனக்கு நாற்பது வெள்ளி கொடுத்தார்கள்,
அதோடு ஒரு கோப்பி.

கதவைத் திறந்தவர்கள்
டார்ச் அடித்து முகத்தைப் பார்த்தார்கள்.
நாங்களும் அப்போதுதான் பார்த்துக்கொண்டோம்.
அவள் கூந்தலைச் சரிசெய்தாள்.
நான் சட்டையை இழுத்துவிட்டேன்.
அதோடு முடிந்தது.

அதன்பிறகு பதினோரு வருஷம்
அதே மின்தூக்கியில் ஏறினோம், விளக்கு எரிய.
தலையை ஆட்டுவாள். ஆட்டுவேன்.
மழை நாட்களில் கொஞ்சம் கூடுதலாக.

ஒரு நாள் புளோக்கின் கீழ்த்தளத்தில்
கூடாரம் போட்டு, மேளம் கேட்டது.
படத்தில் இளமையாக இருந்தாள்.
அவள் மகன் வேர்க்கடலைத் தட்டை நகர்த்தி
ஆங்கிலத்தில் கேட்டான், அம்மாவை எப்படித் தெரியும் என்று.
"லிஃப்ட்" என்றேன்.
மேலே சொல்ல
என்னிடம் எந்த மொழியும் இல்லை.
அவன் தலையாட்டினான், அவளைப்போலவே.

பயமா, பிள்ளையா, நடப்பதா என்று
அவனிடம் கேட்டிருக்கலாம்.
படையல் மேசையில், இஞ்சி தூவி,
முழுசாக ஒரு வவ்வால் மீன் இருந்தது.
அதன் பக்கமாக நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு
கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.